கொழுந்தும் இல்லை, பேனும் இல்லை

இந்த மாதத்தின் முதல் திங்கட்கிழமைத் திகதியிட்ட கடிதம் ஒன்று, அதற்கு அடுத்த வாரத்து வியாழக்கிழமை என் கைக்கு வந்தது. பதுளையில் தபாலில் போட்டு அப்புத்தளைக்கு வந்திருக்கிறது. இடையில் மண்சரிவு இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, ரயிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கடிதத்தின் விடயம், நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விரைவாகச் செய்தி கடத்துகின்றன என்பது.

"பயிற்சித் தாதியருக்கான அமர்வில் மேற்படி தலைப்பில் தங்களது பொன்னான அனுபவங்களைப் பதினைந்து நிமிடங்களுக்கு மிகாமல் பகிர்ந்துகொள்ளுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்." கூடவே நிகழ்ச்சி நிரலும் வைத்திருந்தார்கள். அதில் வரவேற்புரைக்கு இருபது நிமிடம். பொன்னை விட வரவேற்புக்கு விலை அதிகம் என்று அறிந்துகொண்டேன்.

கடிதத்தின் அடியில் கௌசல்யா பேனாவால் எழுதியிருந்தாள். நான் ஓய்வுபெறும் வருடத்தில் வார்டுக்குப் புதிதாக வந்த தாதி அவள். இப்போது மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். "மிஸ், வெறும் காத்துல கொழுந்து எடுத்தாங்களே, அந்த அம்மாவோட கதையைச் சொல்லுங்க. இங்க ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தர் அந்த அம்மா செத்துட்டாங்கன்னே சொல்றார். புது மெஷின் வந்த பிறகு யாரும் நோயாளியைத் தொட்டுப் பாக்குறதில்ல மிஸ். கட்டிலுக்குப் பக்கத்துல போய் மெஷினைத்தான் பாக்குறாங்க."

பதுளை வரை பஸ்ஸில் வருவதற்கு என் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஆகவே எழுதி அனுப்புகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. ஊவா மாகாணத்தில் இருப்பவர்கள் ஊகிப்பார்கள். ஊகிப்பதால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கதையே.

முதலில் என் படிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும் என்பது மரபு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தேன். தாதியர் பயிற்சிக்குத் தெரிவானேன். அங்கே நரம்பிணைப்பு பற்றி, அதாவது சினப்ஸ் பற்றி, ஒரு பாடம் நடந்தது. அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. ஆகவே சினப்ஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பிற்காலத்தில் ஒரு மனிதரிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதுதான்.

அவர் எங்கள் வைத்திய நிபுணர். யாழ்ப்பாணத்தார். வார்டில் அவரைப் பெரிய டொக்டர் என்போம். அவர் இல்லாதபோது 'தலைதூக்கி' என்போம். நஞ்சு உட்கொண்டு வந்த எந்த நோயாளியையும் அவர் தினமும் ஒரே ஒரு கட்டளையால் வதைப்பார். "தலையைத் தூக்குங்கோ." தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கவேண்டும், கையூன்றக் கூடாது. தூக்கினால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நல்லா இருக்கிறீர்களா, சாப்பிட்டீர்களா என்ற பேச்செல்லாம் கிடையாது. கண்ணுக்கு டோர்ச் அடிப்பார், அக்குளுக்குள் விரலை விடுவார், வயிற்றில் குழாயை வைத்து இரைச்சல் கேட்பார், நெஞ்சில் வைப்பார், நாடி பிடிப்பார், பிறகு தலை. இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. வார்டுச் சீட்டைக் கடைசியாகத்தான் கையில் எடுப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"எழுதினதை முதல் வாசிச்சால், பிறகு எழுதினதைத்தான் மிஸ் பார்ப்பம். ஆளைப் பார்க்க மாட்டம்."

அக்குளுக்குள் விரல் விடுவது எங்கள் சின்ன டொக்டர்களுக்குப் பெரிய வேடிக்கை. கொழும்பில் படித்துவிட்டு வந்தவர்கள். அக்குள் அவர்களுடைய பாடத்திட்டத்தில் இருந்திருக்காது. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மருந்தடிக்கிறவர்கள் இருக்கும்வரை எங்கள் வார்டில் பூச்சி மருந்து நோயாளிகளுக்குக் குறைவிருக்காது என்பதையும், அவர்களுடைய உயிர் அக்குள் வேர்வையில் இருக்கிறது என்பதையும் அவர்கள் வந்த பிறகே கற்றார்கள். சிலர் போகும்வரை கற்கவில்லை.

ஒரு புதன்கிழமை, நோயாளிகள் குறைவாக இருந்த நேரத்தில், பெரிய டொக்டர் எங்களை மருந்து மேசையைச் சுற்றி நிற்கவைத்து விளக்கினார். அதை நான் வீட்டுக்குப் போய்க் கலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். நான் எதற்கும் திகதி போட்டு எழுதி வைக்கிறவள். வீட்டில் இதற்கு நோய் என்று பெயர்.

"ஒரு நரம்புக் கலம் மற்றதைத் தொடுறேல்லை. நடுவில இடைவெளி. மின்சாரமாய் ஓடிவந்த செய்தி அந்தக் கரையில நிண்டுபோகும். அங்கயிருந்து ஒரு இரசாயனத்தை இஞ்சால கொட்டவேணும். அசற்றைல்கோலின். அது வந்து இந்தப் பக்கத்துக் கதவைத் தட்டும். தசை எண்டால் சுருங்கும், சுரப்பி எண்டால் சுரக்கும். செய்தி சொல்லி முடிஞ்சுது. இப்ப என்ன நடக்கவேணும்?"

அவரே மேசையைத் தட்டிப் பதில் சொன்னார்.

"சொன்னவன் போகவேணும்! சொல்லிப்போட்டு அங்கயே நிண்டால் அது செய்தியில்லை, தொல்லை. எங்கட வாசல்களில எத்தினை பேர் அப்பிடி நிக்கினம்! உடம்பு கெட்டிக்காரி. அந்த இடைவெளியில ஒரு நொதியத்தை வைச்சிருக்கிறா, வந்தவனை உடனுக்குடன் வெட்டிக் கூட்டி அள்ளுறதுக்கு. பூச்சி மருந்து என்ன செய்யுது? அந்தக் கூட்டுறவளைக் கொல்லுது. பிறகு எல்லாரும் நிண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருப்பினம். வாயால எச்சில், நெஞ்சு முழுக்கச் சளி, வேர்வை, கண்மணி ஊசிமுனை, தசையெல்லாம் துடிக்கும்."

"அத்ரோபின் போட்டா சரியாகுமா சேர்?" என்று கேட்டேன். இந்த நஞ்சுக்கு நாங்கள் ஏற்றும் மாற்று மருந்து அது.

"அத்ரோபின் ஒருத்தரையும் கலைக்காது. கதவில போய்ச் சாய்ஞ்சுகொண்டு நிக்கும், அவ்வளவுதான். அதுவும் எல்லாக் கதவிலயும் இல்லை. சுரப்பி, இதயம், குடல், மூளை, இந்தக் கதவுகள். தசையின்ர கதவுக்கு அது போகாது. அதாலதான் தலையைத் தூக்கச் சொல்லுறன். உங்களுக்கு வேற பேர் வைக்க இருந்தால் வையுங்கோ."

பட்டப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் செய்தி எந்த இடைவெளியைத் தாண்டிப் போனதென்று நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை.

இனிக் கௌசல்யா கேட்ட கதை.

வெசாக் விடுமுறைக்கு ஊர் போய்விட்டு வேலைக்குத் திரும்பிய காலை. உடை மாற்றி வார்டுக்குள் போனதுமே ஒரே சிரிப்பு. என்னோடு வேலை செய்யும் தாதி மல்லிகா மிஸ்ஸி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, வாங்க, உங்க ஊர் ஆளைப் பாருங்க. கட்டில்லயும் வேலை."

ஜன்னலோரக் கட்டிலில் நாற்பதை நெருங்கிய ஒரு பெண். முகம் சிவந்து, உதடு வெடித்து, கண்கள் அகலத் திறந்திருந்தன. வாய் எதையோ முணுமுணுத்தது. இரண்டு கைகளும் நெஞ்சுக்கு மேலே காற்றில் நின்று, பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்தன. போர்வையில் கிள்ளும், காற்றில் கிள்ளும், மறுபடி போர்வை.

"கொழுந்து எடுக்குது. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு நினைப்பு," என்றாள் மல்லிகா. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதுதான் பெரட்டு.

"தோட்டத்துத் தொரைக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்க," என்றார் கட்டில் தள்ளுகிற சிற்றூழியர். "மயங்கிக் கிடந்தும் வேலை செய்யிற ஆளுன்னு பதக்கம் குடுப்பாரு."

நான் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படிப்பார்கள்.

பெயர் பார்வதி. கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டம். முந்தின நாள் மத்தியானம் தோட்டத்து லொறியில் கொண்டுவந்திருக்கிறார்கள். வாந்தி, வேர்வை, எச்சில், ஊசிமுனைக் கண்மணி. பூச்சி மருந்து வாடை. சீட்டில் "பூச்சிமருந்து அருந்தியுள்ளார்" என்று தெளிவாக எழுதியிருந்தது. வயிற்றைக் கழுவியிருந்தார்கள்.

"கழுவின தண்ணியில ஒண்ணுமே இல்ல அக்கா, வாடை கூட இல்ல," என்றாள் மல்லிகா. "அவ்வளவு நல்லாக் கழுவினோம்."

அத்ரோபின் கொடுத்ததும் நெஞ்சு காய்ந்து சீராகி இருக்கிறார். குறைத்ததும் திரும்ப நனைந்திருக்கிறார். கூட்டியிருக்கிறார்கள். மறுபடி குறைக்க, மறுபடி நனைய, சின்ன டொக்டருக்கு அலுத்துப்போய், நன்றாகக் கூட்டிவிட்டுக் குறைப்பதை நிறுத்திவிட்டார். விடிந்தபோது நோயாளி கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். நஞ்சின் மயக்கத்தில் பழக்கதோஷம் என்று சின்ன டொக்டர் தீர்ப்பளித்திருந்தார். வார்டு முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. தோட்டத்துப் பெண், விரலால் கிள்ளுகிறாள், வேறென்ன செய்வாள்?

கொழுந்து எடுக்கிறவளின் கை நிறைந்ததும் அது தோளுக்குப் பின்னால் கூடைக்குப் போகவேண்டும். இந்தக் கை போகவில்லை. இதை அன்றே கவனித்தேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். இப்போது, இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

பெரிய டொக்டர் வந்தார். வழக்கம்போலச் சீட்டைத் தொடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ என்ன செய்யிறா?"

"கொழுந்து எடுக்கிறாங்க சேர்," என்றார் சின்ன டொக்டர்.

"ஆர் சொன்னது?"

"எல்லாரும் சேர்."

"எல்லாரும் எண்டு ஒரு ஆள் இந்த வார்டில வேலை செய்யிறாரோ? அவவைக் கேட்டனீரோ?"

"அவங்க பேசுற நிலையில இல்ல சேர்."

"மனுசனைக் கேட்டனீரோ?"

"அவர் வெளியில நிக்கிறார் சேர்."

"வெளியில நிக்கிறவருக்கு வாய் இல்லையோ? கூப்பிடும்."

கணவர் ராமையா வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, கட்டிலுக்குத் தள்ளியே நின்றார்.

"ஐயா, உங்கட மனுசி என்ன வேலை?"

"புள்ளைக் காம்பராவுல ஆயாங்க." கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா.

"கொழுந்து எடுக்கிறேல்லையோ?"

"மலைக்கே போனதில்லைங்க. நான் கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து ஆயாதான்."

"அப்ப கையால இது என்ன?"

ராமையா அப்போதுதான் மனைவியின் விரல்களைச் சரியாகப் பார்த்தார். "பேன் பாக்குறாங்க ஐயா. எந்நேரமும் புள்ளைங்க தலையிலதான் இருப்பா. காம்பரா முழுக்கப் பேனுங்க. இப்ப ஒரு மாசமா இவ தலையிலயும் ஏறிருச்சு."

வார்டு சிரித்தது. காலையில் கொழுந்து, இப்போது பேன். சிரிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெரிய டொக்டர் சிரிக்கவில்லை. அக்குளுக்குள் விரலை விட்டார். "காய்ஞ்ச ஓலை." கண்ணுக்கு டோர்ச் அடித்தார். வயிற்றில் குழாயை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். சின்ன டொக்டரிடம் குழாயைக் கொடுத்தார். "என்ன கேட்குது?"

"ஒண்ணும் கேக்கல சேர்."

"குடலும் லீவில போயிட்டுது. கொழுந்தும் இல்லை, பேனும் இல்லை. இது அத்ரோபின். உமக்கு இவ்வளவு ஏத்தினால் நீரும் கிள்ளுவீர். நீர் எதைக் கிள்ளுவீர் எண்டுதான் எனக்குத் தெரியாது. நிப்பாட்டும்."

சேலைனோடு ஓடிக்கொண்டிருந்த அத்ரோபினை நிறுத்தினேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார். பாதி திரும்பியவர் நின்றுவிட்டார்.

"ஐயா, பேனுக்கு என்ன வைச்சவ?"

ராமையா துண்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "தெரியலைங்க. எண்ணெ வைப்பா."

பெரிய டொக்டர் குனிந்தார். பார்வதியின் கொண்டை, கொண்டுவந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே தலையணையில் அழுந்திக் கிடந்தது. கழுத்துப்பட்டி அழகாகக் கட்டிய ஒரு வைத்திய நிபுணர், தோட்டத்துப் பெண் ஒருத்தியின் கொண்டையில் மூக்கை வைத்து முகர்ந்ததை என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான் கண்டேன்.

"மிஸ், இஞ்ச வாங்கோ. மணந்து பாருங்கோ."

தேங்காய் எண்ணெய். அதற்கு அடியில், மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற மாதிரி, வெலிமடைத் தோட்டக் காற்று. வார்டு முழுக்க அடித்த வாடை நோயாளியின் வாயிலிருந்து வருகிறது என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். வாடைக்கு வாய்தான் வாசல் என்று யார் சொன்னது? எல்லாரும்.

பெரிய டொக்டர் அப்போதுதான் சீட்டைக் கையில் எடுத்தார். "அருந்தியுள்ளார்," என்று வாசித்தார். "குடிச்சதை ஆர் கண்டது?"

"குடிச்சாளா?" என்றார் ராமையா. நேற்றிலிருந்து வாசலில் நிற்கும் மனிதருக்குத் தன் மனைவி நஞ்சு குடித்த செய்தி அப்போதுதான் கிடைத்தது. "யாருங்க சொன்னா?"

அன்று மத்தியானம் அதை நானே விசாரித்துப் பார்த்தேன். தோட்டத்தில் யாரோ லொறிக்காரரிடம், "மருந்து வாடை அடிக்குது," என்றிருக்கிறார்கள். லொறிக்காரர் வாசலில் இறக்கும்போது, "மருந்து கேஸ்," என்றிருக்கிறார். வெளிநோயாளர் பிரிவில், "தோட்டத்துப் பொம்பளையா? புருசனோட சண்டையா இருக்கும்," என்று ஒருவர் சொல்ல, வார்டுக்கு வரும்போது அது குடித்தாயிற்று. ஒவ்வொரு இடைவெளியிலும் செய்தி அடுத்த கைக்கு மாறும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நரம்பும் செய்தியை இப்படி வளர்த்துக் கடத்தினால் நாமெல்லாம் குழந்தையிலேயே செத்திருப்போம்.

ராமையா உள்ளதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெலிமடையில் உருளைக்கிழங்குக்கு மருந்தடிக்கப் போவாராம். மிச்சமானதை ஒரு சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து, லயத்துக்குப் பின்னால் போட்ட போஞ்சிக் கொடிகளுக்கு அடிக்கலாம் என்று கூரைச் சட்டத்தில் செருகி வைத்திருந்தாராம். பூச்சியைக் கொல்லும் என்று மனைவியிடமும் சொல்லியிருக்கிறார். பேனும் பூச்சிதானே.

நஞ்சு வயிற்றில் இல்லை, தலையில் இருந்தது. நாங்கள் வயிற்றைக் கழுவிவிட்டுத் தலையைத் தலையணையில் வைத்து, ஊறவிட்டு, ஒரு பக்கம் கூட்டுகிறவளைக் கொன்றுகொண்டே மறுபக்கம் அத்ரோபினை ஏற்றிக்கொண்டிருந்தோம்.

"பிள்ளையளின்ர தலை?" என்றார் பெரிய டொக்டர், திடீரென்று. அவருடைய குரல் மாறியதை அன்றுதான் கேட்டேன். "அந்தக் காம்பராவில எத்தினை பிள்ளையள்? அதுகளுக்கும் பூசினவவோ?"

"தெரியலைங்க," என்றார் ராமையா. நான் தோட்டத்து மருத்துவமாதுவுக்குப் போன் எடுத்தேன். சிக்னல் போய்வந்தது. கடைசியில் அவள் பிள்ளைக் காம்பராவுக்கே ஓடிப்போய், ஒவ்வொரு தலையாக முகர்ந்து பார்த்துவிட்டு அழைத்தாள். "எல்லாப் பிள்ளையும் நல்லா இருக்குங்க மிஸ்ஸி. எல்லார் தலையிலயும் பேன் இருக்கு. மருந்து இல்ல." பேன் இருக்கிறது என்பதைக் கேட்டு ஒரு வார்டே பெருமூச்சு விட்டது.

முடியை அலசினால் போதாது, வெட்டவேண்டும் என்றார் பெரிய டொக்டர். எண்ணெய் அவ்வளவு ஊறியிருந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு ராமையாவிடம் சொன்னேன்.

"எவ்வளவுங்க மிஸ்ஸி?"

"முழுக்க."

"அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க முடியாதுங்களா?"

"இப்ப கேட்டா விளங்காது."

துண்டை உதறித் தோளில் போட்டார். "வெட்டுங்க. ஆனா நான் வெட்டச் சொன்னேன்னு சொல்லிறாதீங்க."

வெட்டினோம், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தோம், மறுபடி தேய்த்தோம். அத்ரோபின் இறங்க இறங்க விரல்கள் தளர்ந்தன. மாலையில் ஒரு கை மட்டும் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. கொழுந்து தீர்ந்தது என்றாள் மல்லிகா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

இரவில் அத்ரோபினை மிகக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். மறுநாள் காலை பார்வதி கண் விழித்துப் பெயர் சொன்னார். நெஞ்சு சுத்தம், நாடி சீர், அக்குளில் அளவான ஈரம். சின்ன டொக்டர் மகிழ்ச்சியில், சாதாரணக் கட்டிலுக்கு மாற்றலாம் என்றே எழுதிவிட்டார். அப்போது தலைதூக்கி வந்தார்.

"தலையைத் தூக்குங்கோ."

பார்வதி கூரையைப் பார்த்தார். கழுத்துத் தசை ஒன்று அசைந்தது. தலை அசையவில்லை.

"தூக்குங்கோ அம்மா."

"முடியலைங்க," என்றார், காற்றாக.

"ஒரு மூச்சில ஒண்டு ரெண்டு எண்ணுங்கோ."

ஐந்து வரை வந்தார். ஆறுக்கு மூச்சு போதவில்லை.

அப்போதுதான் மருந்து மேசைப் பாடம் எனக்கு உண்மையிலேயே விளங்கியது. சுரப்பிகளின் கதவில் அத்ரோபின் சாய்ந்து நின்றது, ஆகவே அங்கே எல்லாம் அழகாக இருந்தது. தசையின் கதவை யாரும் காக்கவில்லை. அங்கே இவ்வளவு நேரமும் ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தட்டித் தட்டிக் கதவு மரத்துப்போய், இனி யார் தட்டினாலும் தசை எழும்பாது. முதலில் கழுத்து. பிறகு மூச்சு. காய்ந்து, சுத்தமாக, பெயர் சொல்லிக்கொண்டே ஒரு ஆள் மூச்சு நின்று போகலாம். சாதாரணக் கட்டிலுக்கு மாற்றியிருந்தால் பார்வதி மிகவும் சாதாரணமாகச் செத்திருப்பார்.

கீழ்மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இறக்கினோம். குழாய் போட்டு இயந்திரத்தில் மூச்சு. மருந்து ஒன்றும் இல்லையா என்று ராமையா கேட்டபோது, பெரிய டொக்டர், "காலம்தான். புதுக் கூட்டுறவள் வரவேணும். உடம்பு ஆளை எடுக்கும், ஆனால் அரசாங்க வேகத்திலதான் எடுக்கும்," என்றார்.

காத்திருந்த நாட்களில் ஒரு காலை ராமையா என்னைத் தனியே கூப்பிட்டார். தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார். பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருக்கிற பெண் அவரிடம் ஒரு விடயம் சொல்லியிருந்தாள்.

"மிஸ்ஸி, அவ குடிச்சான்னே இருக்கட்டுங்க."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க தலையில வச்சான்னு எழுதினா, ஏன் வச்சான்னு கேப்பாங்க. திங்கக்கெழமை புள்ளைங்களுக்கு வைக்கிறதுக்குத்தான் அந்தப் போத்தலை எடுத்து வச்சிருந்தாளாம். ஒத்துக்குதான்னு பாக்கத் தன் தலையில வச்சுப் பாத்திருக்கா. இது வெளிய தெரிஞ்சா எந்தத் தாய் இனி அவ கையில புள்ளையக் குடுப்பா? அந்த வேலை இல்லேன்னா அவ செத்துருவாங்க."

"குடிச்சான்னு இருந்தா மட்டும் குடுப்பாங்களா?"

"அதுக்குப் பாவம்னு சொல்லுவாங்கல்ல."

அவர் கணக்கு சரிதான். நஞ்சு குடித்தவளுக்கு இரக்கம் உண்டு. பிள்ளைகளுக்குப் பூசும் முன் தனக்குப் பூசிப் பார்த்தவளுக்கு என்ன உண்டு என்பது எங்கும் எழுதப்படவில்லை. நான் அதைப் பெரிய டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

குழாய் எடுத்த அன்று பார்வதியின் கை முதலில் தலைக்குப் போனது. அங்கே தடவிப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"முடி எங்க மிஸ்ஸி?"

"வெட்டிட்டோம்."

"யாரு வெட்டச் சொன்னா?"

நான் வாக்குத் தவறவில்லை. "பெரிய டொக்டர்."

கையைத் தலையிலிருந்து எடுத்துப் போர்வைக்கு மேல் வைத்தார். "பேனு?"

"அதுவும் போச்சு."

"அப்பன்னா சரி."

பெரிய டொக்டர் அங்கேதான் நின்றார். பார்வதி அவரைப் பார்த்ததும் பயந்து, கேட்காமலே சொன்னார். "புள்ளைங்களுக்கு வைக்கலீங்க. சத்தியமா வைக்கல. எனக்கு ஒத்துக்கிட்டாத்தான் வைக்கிறதுன்னு இருந்தேன்."

"தெரியும்." அவர் என் பக்கம் திரும்பினார். "மருந்தைத் தன்னில பரிசோதிச்ச ஆளை நான் இண்டைக்குத்தான் மிஸ் பார்க்கிறன். நாங்கள் எல்லாரும் மற்றவையிலதான் பரிசோதிக்கிறம்." பிறகு பார்வதியிடம், "தலையைத் தூக்குங்கோ," என்றார்.

தூக்கினார். கையூன்றாமல், மொட்டைத் தலையை, தலையணைக்கு மேலே. நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே, கௌசல்யா, செத்துவிட்டார் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவருடைய அக்குளில் விரலை விட்டுப் பார்.

சீட்டில் "அருந்தியுள்ளார்" என்பதைப் பெரிய டொக்டர் தன் கையாலேயே ஒரு கோடு போட்டு வெட்டி, "தலைமுடி வழியாக, தற்செயலாக" என்று எழுதிக் கையொப்பமிட்டார். ஏன், எதற்காக என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுதினதைத்தான் பார்ப்பார்கள் என்று சொன்னவர் அவர்.

பார்வதி தலையில் துணி கட்டிக்கொண்டு வீடு போனார். தோட்டத்தில் யாரும் அந்தச் சீட்டைப் பார்க்கவில்லை, மொட்டையைத்தான் பார்த்தார்கள். பிழைத்து வந்தவள் மாரியம்மனுக்கு முடி கொடுத்திருக்கிறாள் என்று தாங்களாகவே முடிவுசெய்துவிட்டார்களாம். இதை ராமையா அடுத்த மாதம் மருந்தெடுக்க வந்தபோது சொன்னார். அவர் மறுக்கவில்லையாம். முதல் தடவையாக ஒரு ஊகம் அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்தது. நானும் மறுக்கவில்லை. பிறகு ராமையா வரவில்லை, நானும் ஓய்வுபெற்றேன்.

பார்வதியிடம் திரும்பப் பிள்ளைகளைக் கொடுத்தார்களா என்பதற்கு என்னிடம் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. தோட்டத்து மருத்துவமாது மாற்றலாகிப் போகும் முன் சொன்னது: காம்பராவுக்கு வேறு ஆயா வந்துவிட்டாள். இந்த வருடம் கொஸ்லந்தை பஸ்ஸில் வந்த என் அயல்வீட்டுக்காரி சொன்னது: அந்தப் பிள்ளைக் காம்பரா வாசலில், ஒட்ட வெட்டிய தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவளைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மொட்டை அடித்திருந்தது.

அயல்வீட்டுக்காரி பார்த்தது ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து. பனி வேறு. பார்வதியின் முகம் அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தகவலை நம்ப எனக்கு மிகவும் விருப்பமாக இருக்கிறது. அதனாலேயே எழுதுகிறேன், இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை.